மணல் வீசும் முன்: தொண்டை மண்டலத்துத் திருப்பணிக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர், வணக்கம்.

குடமுழுக்குக்கு நாள் குறித்ததுமே, காற்றழுத்தத்தில் மணலை வீசிக் கோயில் சுவரை வெளுப்பாக்க ஆள் தேடுகிறோம். சுவரில் உள்ள கல்வெட்டுகளும் அதோடு போய்விடும். அந்த ஆள் வருவதற்குள் இதைப் படித்துவிடுங்கள்.

காஞ்சியைச் சுற்றிய இந்த மண்ணைப் பல்லவர் ஆண்டனர், சாளுக்கியர் வந்து போயினர். சோழர், இராட்டிரகூடர், மறுபடி சோழர், பாண்டியர், சம்புவராயர், விசயநகரத்தார் என்று ஆட்சி கைமாறிக்கொண்டே இருந்தது. எந்த ஊர் எப்போது யார் கையில் இருந்தது என்பதற்குப் பெரும்பாலும் கோயில் சுவரே சாட்சி. காஞ்சியைப் பிடித்த சாளுக்கிய இரண்டாம் விக்கிரமாதித்தன், கைலாசநாதர் கோயிலின் பொருளை எடுத்துக்கொள்ளாமல் இறைவனுக்கே திருப்பித் தந்ததை அங்குள்ள தூணில் கன்னடத்தில் வெட்டச் செய்தான். 949இல் தக்கோலப் போரில் இராசாதித்த சோழன் மாண்ட பிறகு, ‘கச்சியும் தஞ்சையும் கொண்ட’ கன்னரதேவனின் (இராட்டிரகூட மூன்றாம் கிருஷ்ணன்) ஆட்சியாண்டைப் போட்டே இங்குள்ள ஊர்களில் அறக்கொடைகளை எழுதினார்கள். நந்தா விளக்குக்கு, அதாவது அணையா விளக்குக்கு, ஆடு விடுவதும் நெய் அளப்பதும் பழையபடியே நடந்தன. கல்வெட்டின் தலைப்பில் இருந்த அரசன் பெயர்தான் வேறு.

அந்தத் தலைப்பில் ஒரு சொல் போனாலும் எல்லாம் போயிற்று. ‘மதிரை கொண்ட கோப்பரகேசரி’ என்றிருந்தால் அது முதலாம் பராந்தகன். முதல் இரண்டு சொற்கள் தேய்ந்து ‘கோப்பரகேசரி’ மட்டும் மிஞ்சினால் விசயாலயனா, பராந்தகனா, உத்தம சோழனா, இராசேந்திரனா? சோழர் பரகேசரி, இராசகேசரி என்ற பட்டங்களை மாறி மாறிச் சூடியவர்கள். ஆண்டெண் ‘௰௪’ என்பதில் ‘௰’ உதிர்ந்தால் 14 என்பது 4 ஆகிவிடும்.

மணல் வீச்சு தடை செய்யப்பட்ட முறை. ஆனாலும் அவசரத்தில் ஒத்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். மணல் என்பது குவார்ட்ஸ், மோஸ் அளவுகோலில் அதன் கடினம் 7. கருங்கல்லில் உள்ள ஃபெல்ஸ்பார் 6, மைக்கா 3க்கும் கீழே. காற்றழுத்தத்தில் மணல் மோதும்போது முதலில் மைக்கா பெயர்ந்து சிறு குழிகள் விழும், பிறகு எழுத்தின் ஓரம் மழுங்கும். சில மில்லிமீட்டர் ஆழமே உள்ள எழுத்துக்கு அதுவே போதும். மணற்கல்லானால் கேட்கவே வேண்டாம்.

சுண்ணாம்புப் பூச்சை எடுக்க நீர் தெளித்து ஊறவிட்டு, மூங்கில் சிம்பால் சுரண்டி, தேங்காய் நார்த் தூரிகையால் தேயுங்கள். கம்பித் தூரிகை வேண்டாம். அதன் இரும்புத் துகள் கல்லில் தங்கித் துருப்பிடிக்கும். அமிலம் கூடவே கூடாது. எண்ணெய்க் கரியைத் தொல்லியல் வேதியியலாளரிடம் விட்டுவிடுங்கள். கல் இடுக்குகளுக்குச் சிமெண்ட் வைத்தால் ஈரமும் உப்பும் வெளியேற வழியின்றிக் கல்லின் முகத்தையே உரித்துக்கொண்டு வரும். சுண்ணாம்புச் சாந்து போதும்.

தளத்தை உயர்த்துவதும் இதே அளவு கேடு. சுவரின் அடித்தளப் பகுதிகளான ஜகதியிலும் குமுதத்திலும் ஓடும் வரிகள் டைல்ஸுக்கு அடியில் புதைந்துவிடுகின்றன. சுவரைப் பிரிக்க வேண்டியிருந்தால், ஒரு கல்லையும் அசைக்கும் முன் வரிசை எண்ணும் கல் எண்ணும் சுண்ணக்கட்டியால் எழுதிப் படம் எடுங்கள். ஒரே சாசனம் பத்துப் பதினைந்து கற்களில் தொடர்ந்து ஓடும். இரண்டு கல் இடம் மாறினால் துண்டுக் கல்வெட்டுதான் மிஞ்சும்.

இவை எல்லாவற்றுக்கும் முன்பே செய்ய வேண்டியது படியெடுப்பு, அதாவது கல்வெட்டைத் தாளில் மையால் ஒற்றி எடுப்பது. கல்லைக் கழுவி, நனைத்த தடித்த தாளை ஒட்டி, தூரிகையால் எழுத்துக் குழிக்குள் இறங்கும்வரை தட்டவேண்டும். தாள் அரை ஈரமாக இருக்கையில் மை ஒற்றவேண்டும். அதிக ஈரத்தில் மை கசியும், முழுக்கக் காய்ந்தால் தாள் கல்லைவிட்டு எழும்பிவிடும். ஒழுங்காக எடுத்த படியில் கருப்பின் நடுவே எழுத்து வெள்ளையாக நிற்கும். இருட்டிய பின் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து ஒளிப்படமும் எடுங்கள்.

பாலாலயத்துக்கு (திருப்பணிக் காலத்தில் இறைவனைத் தற்காலிகமாக வேறிடத்தில் எழுந்தருளச் செய்வதற்கு) நாள் பார்க்கும்போதே மாநிலத் தொல்லியல் துறைக்கும் மத்தியத் தொல்லியல் துறையின் கல்வெட்டுப் பிரிவுக்கும் எழுதி, ஒப்பந்தப் பத்திரத்தில் ‘மணல் வீச்சு கூடாது’ என்ற வரியைச் சேருங்கள்.

அன்புடன்,
கல்வெட்டுப் படியெடுப்போர்