தம்பிக்கு, வெள்ளவத்தையிலிருந்து

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் சுகம். மாமி வீட்டுக் காணி விஷயம் இன்னும் இழுபடுகிறது, அதைப் பிறகு எழுதுகிறேன்.

போன் எடுத்தால் "வேலை கூட, வேறொன்றும் இல்லை" என்று வைத்துவிடுகிறாய். சரி, நானும் கேட்கவில்லை. ஆனால் நீ எம்ஆர்ஐ இயந்திரத்துக்குள் படுத்து, இதயத்திலிருந்து புறப்படும் பெருநாடியின் விறைப்பை அளந்துகொண்டு வந்தது, மருமகள் அக்காவுடன் கதைக்கும்போது வாய்தவறி வந்துவிட்டது. அவளைக் கோபிக்காதே. அக்காவையும் கோபிக்காதே. உயர்தரப் பிள்ளைகளுக்குக் காலமெல்லாம் பௌதிகவியல் படிப்பித்த உன் அம்மாவிடம் ஓர் அலையை மறைக்கலாம் என்று நினைத்தாயே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

இதயம் ஒவ்வொரு முறை சுருங்கும்போதும் நாடிச்சுவர் வழியே ஓர் அலை ஓடுகிறது. இரத்தம் ஓடுவதைவிட அது பல மடங்கு வேகமானது. சுவர் இறுக இறுக வேகமும் கூடும். மோன்ஸ், கோர்ட்டவெக் என்ற இரண்டு விஞ்ஞானிகள் 1878இல் தந்த சமன்பாட்டில் வேகத்தின் வர்க்கம், சுவர் எவ்வளவு இறுக்கம் என்று சொல்லும் யங்கின் மட்டுக்கு நேர்விகிதம். மற்றவை மாறாதிருக்க வேகம் இரட்டித்தால், மட்டு நான்கு மடங்காகிவிட்டது என்று அர்த்தம். பௌதிகத்தில் ஏ எடுத்த உனக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. அந்தச் சான்றிதழை இன்றைக்கும் வருகிறவர்களுக்கு எடுத்துக் காட்டுகிறேன். ஏ எடுத்தவனுக்கு உப்பைக் குறைக்கத்தான் தெரியவில்லை.

சோதனையில் எனக்குப் பயமில்லை. ஊசி இல்லை, கதிர்வீச்சு இல்லை. பெருநாடி மேலேறும் இடத்திலும் வளைந்து இறங்கும் இடத்திலும் இரத்தத்தின் வேகத்தை அளந்து, அலை எவ்வளவு பிந்தி வந்தது என்று பார்க்கிறார்கள். இடைத்தூரத்தைப் படத்திலேயே அளக்கலாம். 10 சென்ரிமீற்றர் என்று வை. செக்கனுக்கு 5 மீற்றரில் ஓடினால் தாமதம் செக்கனில் ஆயிரத்தில் 20 பங்குதான். அதைப் பிடிக்கிறார்களே, கெட்டிக்காரர்கள்.

உன் அலையின் வேகம் என்ன, அந்த எண் என்ன?

இணையத்தில் செக்கனுக்கு 10 மீற்றருக்கு மேல் ஆபத்து என்று வாசித்துவிட்டு இரவில் விழித்திருக்காதே. ஐரோப்பிய வைத்தியர்கள் 2012இல் சொன்ன அந்த எல்லை, கழுத்துக்கும் தொடை மடிப்புக்கும் இடையில் அளப்பதற்கு. வளைவை மட்டும் அளந்த எண்ணை அதனோடு ஒப்பிடக் கூடாது. பிரஷர் ஏறியிருந்தால் அதே நாடியே இன்னும் இறுக்கமாகத்தான் தெரியும். கோப்பி குடித்துவிட்டா போனாய்? மூன்று மணித்தியாலத்துக்கு முன்பே நிறுத்தியிருக்க வேண்டும். உப்பைக் குறை. குளிசையை ஒரு நாளும் விடாதே.

இறுகாத நாடி ஒவ்வொரு துடிப்புக்கும் விரிந்து கொடுத்து அடியை உள்வாங்கும். இறுகிவிட்டால் அந்த அடி மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் போய்ச் சேரும். அப்பாவுக்கு இப்படி ஒரு ஸ்கான் வாய்க்கவில்லை. பிரஷர் பார்க்கக் கையில் கட்டும் பட்டி ஒன்று, அதற்குமேல் "எனக்கு ஒன்றுமில்லை" என்ற அவருடைய பேச்சு. பொங்கலுக்கு மறுநாள் நடந்ததை நீயும் பார்த்தவன்தானே. இப்போது அதே வார்த்தையை அதே குரலில் நீ சொல்கிறாய். நான் போனை வைத்துவிட்டு யாருடன் கதைப்பது?

உன் வேலையைப் பற்றி எல்லோரிடமும் பெருமையாகத்தான் சொல்கிறேன். அந்த வேலைக்காக இரவு இரண்டு மணிவரை விழித்திருக்கச் சொல்லி நான் சொல்லவில்லை. உப்பைக் குறை.

அக்காவுக்கு எழுதாதே, எனக்கு எழுது. எண், எந்த இரண்டு இடங்களுக்கு இடையில் அளந்தது, அன்றைய பிரஷர், இந்த மூன்றும் வேண்டும். "எல்லாம் சரி" என்று எழுதினால் நான் பதில் போட மாட்டேன்.

சித்தப்பா வருகிற மாதம் லண்டன் வருகிறார். அவரிடம் குரக்கன் மா கொடுத்துவிடுகிறேன். இந்த முறை கருவாடு இல்லை, அவரிடம் கேட்டுப் பார்க்கவும் வேண்டாம்.

அம்மா