சட்டமல்ல, வழக்கம்

ஆசிரியர் அவர்களுக்கு,

படைப்பு வேறு, படைத்தவர் வேறு என்ற வாதம் எழும்போதெல்லாம் யூத வெறுப்பாளரான ஜெர்மானிய இசைமேதை வாக்னர் பெயர் வந்துவிடுகிறது. ‘இஸ்ரேலில் அவர் இசைக்குத் தடைச்சட்டம் உண்டு’ என்ற பிழையும் கூடவே வருகிறது. அப்படிச் சட்டம் எதுவும் கிடையாது. 1938 நவம்பரில் ஜெர்மனியில் யூதர்கள் தாக்கப்பட்டதும், அன்றைய பாலஸ்தீன இசைக்குழு (யூதக் கலைஞர்களின் குழு; இன்றைய இஸ்ரேல் பில்ஹார்மோனிக்) வாக்னரைத் தன் நிகழ்ச்சியிலிருந்து எடுத்துவிட்டது. அந்த வழக்கம்தான் நீடிக்கிறது.

யூத இசைக்கலைஞர்களை இழித்து 1850-இல் அவர் எழுதிய கட்டுரை புனைபெயரில் வந்தது. 1869-இல் சொந்தப் பெயரிலேயே மறுபடி வெளியிட்டார். ஏதோ கோபத்தில் எழுதியது என்று தள்ள முடியாது. ஆனால் 1882-இல் அவருடைய ‘பார்சிஃபால்’ இசைநாடகம் அரங்கேறியபோது இசைக்குழுவை நடத்திய ஹெர்மன் லேவி யூத மதகுருவின் மகன்!

கச்சேரிக்குச் சந்தா கட்டி வந்து உட்கார்ந்திருப்பவர்களுக்கு முன்கூட்டியே சொல்லாமல் வாக்னரை வாசிப்பதில்தான் தகராறே. 2001 ஜூலையில் ஜெருசலேமில் இசைக்குழு நடத்துநர் பாரன்பாய்ம், அறிவித்த நிகழ்ச்சியை முதலில் முடித்தார். பிறகு, வாக்னரின் ‘டிரிஸ்டன்’ இசைநாடகத்தின் முன்னிசை வேண்டுமா என்று அவையையே கேட்டார். அரை மணி நேரம் வாக்குவாதம். வேண்டாதவர்கள் வெளியேறலாம் என்று சொல்லிவிட்டே வாசித்தார். அப்படியும் சிலர் கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனார்கள். நாடாளுமன்றக் குழு ஒன்று அவரைப் புறக்கணிக்கச் சொன்னது. என்றாலும் முறை அதுதான்.

வாக்னர் 1883-இலேயே இறந்தவர். அவர் இசையைக் கேட்டால் அவருக்குப் பணம் போகுமே என்ற ராயல்டி பேச்சுக்கே இடமில்லை. உயிரோடிருக்கும் எழுத்தாளர் என்றால் கணக்கு வேறு. புதுப் பிரதி வாங்கினால் அவருக்குப் பங்கு போகும்; பழைய புத்தகக் கடையில் வாங்கினால் காலணாகூடப் போகாது.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மதுரை