அண்ணனின் ஈரல் ஸ்கேன் பற்றி

அன்புள்ள நண்பா,

உன் கடிதமும் அண்ணனின் எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டும் கிடைத்தன. மகள் வேலைக்குச் சேர்ந்த நல்ல செய்தியைக் கடைசி வரியில் ஒட்டியிருக்கிறாய். மனசு எங்கே கிடக்கிறது என்று புரிகிறது. ஆகவே நேரே ஈரலுக்கே வருகிறேன்.

‘ரிப்போர்ட்டில் எல்.ஆர். 3 என்று போட்டிருக்கிறதே, புற்றுநோயில் மூன்றாம் ஸ்டேஜா?’ என்று கேட்டிருக்கிறாய். இல்லவே இல்லை. ஸ்டேஜுக்கும் இந்த எண்ணுக்கும் சம்பந்தம் கிடையாது. சிரோசிஸ் (ஈரல் தழும்பேறிப் போவது), நாள்பட்ட ஹெபடைடிஸ் பி போன்றவை உள்ளவர்களின் ஈரலில் ஒரு புள்ளி தெரிந்தால், அது புற்றுநோயாக இருக்க எவ்வளவு வாய்ப்பு என்பதற்கான எண் அது. 1 நிச்சயமாகத் தீங்கற்றது. 5 நிச்சயமாக ஈரல் புற்றுநோய். 3 இரண்டும் கெட்டான்.

அந்த எண்ணை எப்படிப் போட்டார்கள் என்பதுதான் சுவாரசியம். ஈரலுக்குப் போகும் ரத்தத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு குடலிலிருந்து வரும் போர்ட்டல் சிரை வழியாக வருகிறது, கால் பங்குதான் தமனி வழியாக. ஈரலிலேயே முளைக்கும் புற்றுநோய் பெரும்பாலும் தமனி ரத்தத்தைக் குடித்தே வளர்கிறது. படத்தில் ரத்தத்தை வெளுப்பாகக் காட்டும் காடோலினியம் என்ற மருந்தை ஊசியில் போட்டு அரை நிமிடம் போல ஆனதும் மருந்து தமனியில் நிறைந்திருக்கும். அப்போது எடுத்த படத்தில் கட்டி பளிச்சென்று வெளுக்கும், ஈரல் இன்னும் மங்கலாகவே இருக்கும். ஒரு நிமிடம் தாண்டியதும் போர்ட்டல் ரத்தம் வந்து ஈரல் வெளுக்கும், கட்டி அதைவிடக் கறுத்துவிடும். இதை ‘வாஷ்அவுட்’ என்போம். இரண்டும் தெளிவாகச் சேர்ந்து தெரிந்தால், இப்படிப்பட்ட நோயாளிகளுக்கு பயாப்ஸி, அதாவது ஊசி குத்திச் சதைத் துணுக்கு, எடுக்காமலேயே சிகிச்சையைத் தொடங்கலாம். புற்றுநோயில் இப்படிப் படத்தை மட்டும் நம்பி முடிவெடுப்பது அபூர்வம்.

அண்ணனின் 14 மி.மீ. புள்ளி தமனி வேளையில் வெளுத்திருக்கிறது, பிறகு கறுக்கவில்லை. இந்தப் புற்றுநோயைச் சுற்றிப் பல நேரம் தெரியும் உறையும் இல்லை. பாதிக் கதைதான் தெரிகிறது, அதனால் 3. ரத்தக்குழாய்க் கட்டியான ஹெமாஞ்சியோமாவாக இருந்தால் பொதுவாக ஓரத்தில் திட்டுத்திட்டாகத் தொடங்கி மெல்ல உள்ளே நிரம்பும். இங்கே அப்படியும் இல்லை.

‘சும்மா காத்திருக்கச் சொல்கிறார்களே, உடனே ஊசி குத்திப் பார்த்தால் என்ன?’ என்கிறாய். நான் காத்திருக்கும் கட்சி. இவ்வளவு சிறிய புள்ளியில் ஊசி குறி தவறலாம். அப்போது ‘புற்றுநோய் இல்லை’ என்று வரும் முடிவை நம்பவும் முடியாது. ரத்தக்கசிவு ஆபத்து வேறு. மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் மறுபடி ஸ்கேன் எடுப்பதுதான் முறை. ஆறு மாதத்துக்குள் புள்ளி பாதிக்குப் பாதி பெருத்தால், அதாவது 21 மி.மீ.யைத் தொட்டால், பேச்சே வேறு. அதுவரை ஹெபடைடிஸ் மாத்திரையை ஒரு நாளும் விடக் கூடாது.

அடுத்த முறை காடாக்சிடேட் என்ற மருந்தைப் போடலாமா என்று டாக்டரிடம் கேள். அதில் ஏறக்குறைய பாதியை ஈரல் செல்களே உறிஞ்சிக்கொள்ளும். இருபது நிமிடம் கழித்து எடுக்கும் படத்தில் ஈரல் வெளுத்திருக்க, அந்தப் புள்ளி மட்டும் கறுப்பாக நின்றால் சந்தேகம் கூடும். ஒரு குறை: இந்த மருந்து போட்டதும் சிலருக்குச் சற்று நேரம் மூச்சு அடங்காமல், தமனிப் படம் கலங்கிவிடுகிறது. அந்த வேளை தவறினால் அதே ஊசியில் திரும்ப எடுக்க முடியாது. அண்ணன் இப்போதே மூச்சை அடக்கிப் பழகட்டும். புகைக்கிறவராயிற்றே, அவருக்கு அதுவே பெரும்பாடு!

அவருடைய கிரியாட்டினின் (சிறுநீரகத்துக்கான ரத்தச் சோதனை), ஏ.எஃப்.பி. (ஈரல் புற்றுநோய்க்கான ரத்தச் சோதனை) முடிவுகளையும் ஸ்கேன் சி.டி.யையும் அனுப்பு. ரிப்போர்ட்டைவிடப் படத்தைப் பார்த்தால்தான் எனக்குத் திருப்தி. மகளுக்கு என் வாழ்த்தைச் சொல், அண்ணிக்கு இந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டு.

அன்புடன்,
உன் பழைய பெஞ்ச் தோழன்