சமயத் தலைவர்களிடம் நம் வேண்டுகோள்

அன்புள்ள குழு உறுப்பினர்களுக்கு வணக்கம்.

நவம்பர் 25, பெண்களுக்கு எதிரான வன்முறை ஒழிப்பு நாள். அதற்குமுன் நம் காரைக்குடி வட்டாரக் கோயில், பள்ளிவாசல், தேவாலயப் பெரியவர்களைச் சந்திக்கும்போது, பொதுப்படையான கண்டனத்தைக் கேட்டுப் பெறுவதோடு நின்றுவிட வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன். அடிபட்ட பெண் காவல் நிலையத்துக்குப் போகும் முன்பே இவர்களிடம்தான் போகிறாள். அங்கே “கோபக்காரன்தான் ஆத்தா, நீதான் அனுசரித்துப் போகணும்” என்று திருநீறு பூசி அனுப்பிவிட்டால், அடித்தவனுக்கு அதுவே அனுமதிச் சீட்டாகிவிடுகிறது.

நகரத்தார் திருமணத்துக்கு நகரக் கோயிலிலிருந்து மாலை வருகிறது. ஜமாஅத்தில் நிக்காஹ் பதிவாகிறது. கத்தோலிக்கர்களுக்குத் திருமணத் தயாரிப்பு வகுப்பு உண்டு. மணமகனிடம் “கைநீட்டுவது குற்றம்” என்று சொல்ல இதைவிடப் பொருத்தமான இடம் எது? (மொய் எழுதும் அவசரத்தில் நாம் சொன்னால் யார் காதில் விழும்!)

2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் உடல்ரீதியான கொடுமையை மட்டுமன்றி, வசைமொழியையும் செலவுக்குப் பணம் தர மறுப்பதையும் வன்முறை என்றே கொள்கிறது. பங்காளிகள் பெயரில் இருக்கும் பொதுவீடானாலும், அதில் குடும்பமாக வாழ்ந்த மருமகளை நீதிமன்ற நடைமுறையின்றி வெளியேற்ற முடியாது என்பதைப் பெரியவர்களிடம் விளக்கிச் சொல்லுங்கள்; நம் ஊரில் பலருக்கு இது தெரியாது.

உதவி எண் 181ஐ அறிவிப்புப் பலகையில் எழுதிவைக்க இசைவு பெறுங்கள். சந்திக்கச் செல்வோர் தங்கள் பெயரை ஞாயிற்றுக்கிழமைக்குள் இங்கே பதியவும்.