சம்பளச் சீட்டில் வராத கழிவு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. வட்டார மேலாளர் பதவி வருகிறது, சிங்கப்பூருக்கு மாற வேண்டியிருக்கும் என்று போனில் சொன்னாய். அம்மா உடனே மாரியம்மனுக்கு அர்ச்சனைச் சீட்டு எடுத்துவிட்டாள். இந்நேரம் நம் ஊர் சுங்கை சிப்புட்டில் பாதிப் பேருக்குச் செய்தி போயிருக்கும். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் நான் தோட்டத்து ஆபீசில் கிராணியாக, கணக்கு எழுதுகிறவனாக இருந்தவன். சம்பளம் என்றாலே முதலில் கழிவை, எவ்வளவு பிடித்தார்கள் என்பதைத்தான் பார்ப்பேன்.

உன் சம்பளச் சீட்டில் ஈபிஎஃப் என்ற சேமநிதிக்கு 11 விழுக்காடு, சொக்சோ என்ற தொழிலாளர் காப்புறுதி, வருமான வரி எல்லாம் வரிசையாக இருக்கும். மற்றது எதுவும் அதில் வராது. தீபாவளியன்று எண்ணெய் தேய்க்க உட்கார்ந்தவள், மீட்டிங் என்று பாதியில் எழுந்து போனாய். தலையில் எண்ணெய் வழிய லேப்டாப் முன்னால் நீ இருந்ததைப் பார்த்து எல்லாரும் சிரித்தோம். மறுநாள் உன் மகன் பாட்டியிடம், "அம்மாகிட்ட கேக்க வேணாம், அம்மா பிஸி" என்றான். கேட்டுக் கிடைக்காத பிள்ளை அழும். இவன் அழவில்லை, கேட்பதையே விட்டிருக்கிறான். அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

இங்கே மலேசியாவில் 2023 ஜனவரியிலிருந்து வேலைச் சட்டப்படி வாரத்துக்கு 45 மணி நேரம்தான் வேலை, முன்பு 48. ஆனால் மாதம் 4,000 வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல் வாங்குகிறவருக்கு ஓவர்டைம் கேட்க அந்தச் சட்டத்தில் இடமில்லை. சிங்கப்பூரிலும் வேலை நேர விதிகள் மேலாளர்களுக்குப் பொருந்தாது. செம்பனை எண்ணெய் ஆலையில் இருக்கும் உன் சித்தப்பா மகன் ஒரு மணி நேரம் கூடுதலாக நின்றால் ஒன்றரை மடங்கு வாங்குவான். நீ இரவு பதினொன்றுக்கு லண்டன்காரனோடு பேசினால் காசு கிடையாது. காசு கொடுக்காத நேரத்தை எந்தக் கிராணியும் எழுதி வைக்க மாட்டான். அதனால் எவ்வளவு போகிறது என்று உனக்கே தெரியாது.

உன் பாட்டியும் விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்குப் போனாள், பிள்ளைகள் ஆயா பார்த்துக்கொள்ளும் கொட்டகையில் வளரவில்லையா என்று கேட்பாய். சரி, வளர்ந்தோம். ஆனால் ரப்பர் பாலை ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்தபின் எந்த மரமும் அவளை ராத்திரியில் கூப்பிட்டதில்லை.

போகாதே என்று நான் சொல்லவில்லை. கையெழுத்துப் போடுமுன், மாதத்தில் எத்தனை நாள் பயணம், ராத்திரி மீட்டிங் எத்தனை, நீ லீவில் போனால் பொறுப்பு யாருக்கு என்று கேள். பதிலை எழுத்தில் வாங்கு. மாப்பிள்ளையிடமும் பேசு. அவர் வேலையை விட்டோ மாற்றிக்கொண்டோ வர வேண்டியிருந்தால், அதுவும் உன் பதவிக்கான கழிவுதான், அவர் கணக்கில் விழுகிறது. ஊரில் யாரும் அதற்கு அர்ச்சனை செய்ய மாட்டார்கள்.

தலைவலி மாத்திரை அடிக்கடி போடுகிறாயாமே. இந்த வாரமே கிளினிக்குக்குப் போய் ரத்த அழுத்தம் பார்.

பள்ளி விடுமுறைக்குப் பேரனை மட்டும் அனுப்பச் சொல்கிறாள் அம்மா. நான் ஒத்துக்கொள்ளவில்லை. நீயும் லீவு போட்டுக்கொண்டு வா.

அன்புடன்,
அப்பா