நம்ம ஹுடுக

அன்புள்ள கதிருக்கு,

அப்பா எழுதுகிறேன். போனில் ஆரம்பித்தால் "சரிப்பா, சைட்ல கூப்பிடறாங்க" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

ஞாயிற்றுக்கிழமை பேசும்போது சைட்டில் ரெண்டு பண்டல் காப்பர் ஒயர் காணோம் என்றாய். "வடக்கனுங்க வேலைதான்ப்பா, ஸ்டேஷன்ல சொல்லி நாலு பேரைத் தட்டினா தானா வெளியே வரும்" என்றாய். சிரித்துக்கொண்டுதான் சொன்னாய். எனக்குத்தான் அன்றைக்குத் தூக்கம் வரவில்லை.

எழுந்துபோய் 'விசாரணை' படத்தை மறுபடி போட்டேன். 2016இல் நாம் ரெண்டு பேரும் தியேட்டரில் பார்த்ததுதான். வெளியே வந்து வண்டியை எடுக்கும்வரை நீ ஒரு வார்த்தை பேசவில்லை. வெனிஸ் விழா வரைக்கும் போய் விருது வாங்கிய படம் என்று பிறகு நீதான் எனக்குப் படித்துக் காட்டினாய். கோயம்புத்தூர் ஆட்டோக்காரர் சந்திரகுமார் 1983இல் குண்டூரில் தான் பட்டதை எழுதிய 'லாக்கப்' புத்தகத்திலிருந்து வெற்றிமாறன் எடுத்தது.

அன்றைக்கு எனக்கு அடிதான் கண்ணில் நின்றது. இந்தத் தடவை வேறொன்று உறைத்தது. படத்தில் வரும் அந்தத் தமிழ்ப் பையன்கள் குண்டூரில் ஒரு பார்க்கில் படுத்து, விடிந்ததும் எழுந்து வேலைக்குப் போகிறவர்கள். ஸ்டேஷனில் முடிக்க வேண்டிய திருட்டுக் கேஸ் ஒன்று இருக்கிறது, அதற்கு ஆள் வேண்டும். தேடி வர யாரும் இல்லாத ஆளாக இருந்தால் ரொம்ப வசதி. போலீஸிடம் ஒத்துக்கொண்டது கோர்ட்டில் செல்லாது. அதனால், ஜட்ஜ் முன்னால் வாயால் ஒத்துக்கொள்ளும்வரை விடமாட்டார்கள்.

கோர்ட்டில் அவர்கள் நடந்ததைத் தமிழில் சொல்லி அழுகிறார்கள். ஜட்ஜுக்குத் தெலுங்கு. ஒரு ஆடிட்டரைப் பிடிக்க அங்கே வந்திருந்த தமிழ்நாட்டு இன்ஸ்பெக்டராக வரும் சமுத்திரக்கனி எடுத்துச் சொல்லப்போய்த்தான் விடுதலை. அவர் அன்றைக்கு வராமல் இருந்திருந்தால்? இரண்டாம் பாதியில் அந்த ஆடிட்டர் விவகாரம் கொஞ்சம் அவசரமாக ஓடுகிறது என்று இப்போதும் நினைக்கிறேன். ஆனால் அவரோடு சென்னைக்கு வந்து, அங்கே ஸ்டேஷனில் அந்தப் பையன்கள் தரையைக் கழுவிக்கொண்டிருக்கும்போது வயிறு பிசைந்தது. சொந்த மாநிலத்துக்கு வந்தும் அவர்களைக் கேட்க ஆள் இல்லை.

உன்னிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. 1986, பெங்களூர் பீன்யாவில் லேத் பட்டறையில் இருந்தேன். இருபது வயசு. செகண்ட் ஷோ விட்டு நடந்து வந்தவனை ஜீப்பில் ஏற்றிவிட்டார்கள். பக்கத்துத் தெருவில் ஏதோ பூட்டை உடைத்திருந்தார்களாம். கன்னடம் நாலு வார்த்தைக்கு மேல் தெரியாது. என் கையில் கிரீஸ் கறை. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். பெஞ்சுக்குக் கீழே உட்காரவைத்தார்கள், அடிக்கவில்லை. விடியற்காலை எங்கள் முதலாளி லுங்கியோடு ஸ்கூட்டரில் வந்தார். என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. "நம்ம ஹுடுக" என்றார், நம்ம பையன் என்று. அவ்வளவுதான், விட்டுவிட்டார்கள். அந்த மாசச் சம்பளத்தில் அரை நாள் பிடித்தார், அது வேறு கதை.

ஒயர் போனது போனதுதான், புகார் கொடு, தப்பில்லை. ஆனால் பேரைச் சொல்லி ஆளைக் காட்டிவிடாதே. யாரையாவது கூட்டிக்கொண்டு போனால் நீயும் கூடப் போ. கைது என்றால் அரெஸ்ட் மெமோ எழுத வேண்டும், வீட்டுக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று 1996லேயே சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது. 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும். இதெல்லாம் தெரிந்த ஒருத்தன் வாசலில் நிற்கிறான் என்றாலே உள்ளே சத்தம் குறையும். மேஸ்திரி போவான் என்று விட்டுவிடாதே, அவனுக்கு அடுத்த சைட் முக்கியம்.

அம்மாவுக்கு முட்டிவலி பரவாயில்லை. மாத்திரையை மட்டும் மறந்துவிடுகிறாள்.

போன தடவை நான் வந்தபோது தகர ஷெட்டிலிருந்து எனக்கு நாற்காலி தூக்கிக்கொண்டு வந்தானே, ஒல்லியாக ஒரு பையன். பேர் என்ன என்று கேட்டேன். "யாருக்குப்பா தெரியும், எல்லாரும் பையாதான்" என்றாய். அவன் பேரைக் கேட்டு வை. ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது முதலில் அதைச் சொல்லு.

அப்பா