மாணவர் வரைந்த வளாகம்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் ஓவியர் ஒருவரின் மாணவப் பருவத்துப் படத்தை வெளியிட்டு, அடியில் 'கல்லூரி வளாகம்: வெறும் பயிற்சிப் படம்' என்று போட்டிருந்தீர்கள். அந்த 'வெறும்' இரண்டு நாளாக மனதை அறுக்கிறது.

நானும் ஓவியம் படித்தவன். முதல் வருடம் அவுட்டோர், அதாவது வெளியே உட்கார்ந்து வரைய, போகச் சொன்னால் கல்லூரி மரத்தடியில்தான் உட்காருவோம். தினமும் பார்க்கிற கட்டடம்தானே என்று தொடங்கினால், முதல் வாஷ், அதாவது நீர்த்த வண்ணப் பூச்சு, காய்வதற்குள் தூணின் நிழல் நகர்ந்திருக்கும். வரிசைத் தூண்கள் தள்ளிப் போகப் போகச் சிறுக்கிற கணக்கு எனக்கு அங்கேதான் பிடிபட்டது. வாட்டர்கலரில் வெள்ளை என்பது பூசாமல் விட்ட தாள். தவறிப் பூசிவிட்டால் அந்த வெளிச்சம் போனதுதான். நீங்கள் வெளியிட்ட படத்தில் படிக்கட்டின் மேல் விழும் வெயில் முழுக்க அப்படி விட்டுவைத்த தாள். அந்த வயதில் அந்தப் பொறுமை எனக்கு வரவில்லை.

ஆங்கில ஓவியர் டர்னர் 1790-ல் லண்டன் ராயல் அகாடமி கண்காட்சியில் முதன்முதலாக வைத்த படமும் கட்டடத்தைப் பார்த்து வரைந்த வாட்டர்கலர்தான். அப்போது அவருக்கு வயது 15, அங்கேயே மாணவர். பின்னாளில் எழுத்தும் குறியீடுமாக வரையப் போன சென்னை ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் வாட்டர்கலர் நிலக்காட்சிகளிலிருந்து வந்தவர். இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததா?

ஆனால் ஆரம்பகாலப் படம் என்றாலே எல்லோருக்கும் இளக்காரம். வெளிச்சம் அதிகம் பட்டால் வாட்டர்கலர் மங்கும்; அதற்கு 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு), அதாவது மங்கலான வெளிச்சமே போதும் என்பது அருங்காட்சியக வழக்கம். நான் போன ஒரு கண்காட்சியில் மாணவர் படங்களை ஜன்னலுக்கு நேர் எதிரே மாட்டியிருந்தார்கள். சொன்னேன், யாரும் கேட்கவில்லை. உங்கள் இதழிலும் முன்பு ஒரு வண்ணப் படத்தைக் கறுப்பு வெள்ளையில் போட்டீர்கள். அதற்கும் எழுதினேன், பதில் இல்லை.

நான் படித்த இடத்தில் தேர்வு முடிந்ததும் எங்கள் படங்களைக் கட்டி ஓர் அறையில் போட்டார்கள். மழைத் தண்ணீர் இறங்கி எல்லாம் ஒட்டிப் போய்விட்டது. நான் வரைந்த வளாகமும் அதில் போயிற்று. அப்புறம் அந்த மரத்தையும் வெட்டினார்கள். அது எங்கே நின்றது என்று காட்ட இன்று என்னிடம் ஒரு துண்டுத் தாள்கூட இல்லை.

சரி, நான் கேட்பது இவ்வளவுதான். அடுத்த இதழில் அந்தப் படத்தின் அளவு, ஊடகம், வரைந்த ஆண்டு மூன்றையும் ஒரு வரியில் போடுங்கள். 'வெறும்' என்பதை எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
நீண்டநாள் வாசகன்